டெற்றோயிற் ஆற்றின் இரு கரைகள்

வின்சர் நகரையும் டெற்றோயிற் நகரையும் பிரிப்பது ஓர் ஆறு. இணைப்பவை 1929இல் திறக்கப்பட்ட அம்பாசடர் பாலமும் அடுத்த ஆண்டில் திறக்கப்பட்ட சுரங்கப்பாதையும் ஆகும். விடியற்காலையிற் கனேடியக் கரையினின்றும் அமெரிக்கக் கரைக்குத் தொழிலுக்காகச் செல்வோருள் மருத்துவமனைத் தாதியர் பலர் உளர். இவர்களது உழைப்பு ஒரு நாட்டில். உறக்கம் மற்றொரு நாட்டில். வரிச் சட்டமோ இவ்விரண்டையும் பற்றி வினவுகின்றது.

அத்தகைய தாதி ஒருத்தி ஆண்டொன்றுக்கு 80,000 அமெரிக்க டொலர் ஊதியம் பெறுகின்றாள் எனக் கொள்ளலாம். அதில் 8,000 டொலரை, அவள் தொழில்புரியும் மருத்துவமனையின் 401-கே திட்டத்திற் சேமிக்கின்றாள். அமெரிக்க வரிக்கோவையில் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தாற் சேர்க்கப்பட்ட ஓர் உட்பிரிவின் இலக்கமே இத்திட்டத்தின் பெயராயிற்று. மனிதரின் முதுமைக்கு இதனினும் வறண்ட பெயரொன்றை எவரும் சூட்டியிரார்.

ஆண்டு முடிவில் அவள் கைக்கு வரும் டபிள்யூ-2 படிவத்தின் முதலாங் கட்டத்தில் 72,000 டொலரே காணப்படும். சேமித்த தொகை 12ஆம் கட்டத்தில் 'டி' என்னும் குறியீட்டோடு ஒதுங்கி நிற்கும். அமெரிக்க விவரத்திரட்டுக்கு இது போதும். கனேடிய விவரத்திரட்டுக்குப் போதாது. தன் மண்ணில் வதிவோர் உலகில் எங்கு உழைத்தாலும் அவ்வருமானம் முழுவதையும் கனடா கணக்கிற் கொள்ளும். ஆகவே, 80,000 டொலரையும் கனேடிய நாணயத்துக்கு மாற்றிக் காட்டுதல் வேண்டும். அதன் பின்னரே சேமிப்புக்குரிய கழிவைக் கோரலாம். முதலாங் கட்டத்தின் எண்ணை அப்படியே பெயர்த்தெழுதுவோர், இறுதித் தொகை ஒன்றுதானே எனத் தம்மைத் தேற்றிக்கொள்வர். ஆனால், காட்டாத வருமானம் கழிக்கப்பட்ட வருமானம் ஆகாது.

இக்கழிவுரிமை இரு நாடுகளும் 1980இற் கைச்சாத்திட்ட உடன்படிக்கையில் இடம்பெறவில்லை. 2007 செப்டெம்பரிற் கைச்சாத்தாகி, 2008 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த ஐந்தாவது திருத்த உடன்படிக்கையே இதனை வழங்கிற்று. எல்லை கடந்து நாளாந்தம் தொழிலுக்குச் செல்வோருக்கென ஆர்சி-268 என்னும் படிவம் உண்டு. கழிவுத்தொகை விவரத்திரட்டின் 20700ஆம் நிரையில் இடப்படும்.

எனினும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. கழிவுக்கு எல்லையாக அமைவது கனடாவின் பதிவுசெய்யப்பட்ட ஓய்வுச் சேமிப்புத் திட்டத்துக்குரிய இடமேயாகும். முன்னாண்டு உழைப்பு வருமானத்தின் 18 வீதம், 2024இல் உச்சமாக 31,560 கனேடிய டொலர், என்பது இவ்விடத்தை அளக்கும் பொதுவிதி. பெப்ரவரியில் வங்கி முகவரின் சொற்கேட்டு, இவ்விடம் முழுவதற்கும் அத்திட்டத்திற் பணமிட்டுக் கழிவும் கோரிய தாதிக்கு, ஆற்றின் அக்கரையிற் சேமித்த 8,000 டொலருக்கு இடமிராது. கணக்குகள் இரண்டு, இடமோ ஒன்று. இதனை அவளுக்கு முன்கூட்டிச் சொல்லவேண்டிய கடமை இரு கரையிலும் எவருக்கும் இல்லை என்பதே இவ்வேற்பாட்டின் பெருங் குறை.

கழிவு தவறின் விளைவு யாது? அத்தொகைக்குக் கனடா இன்றே வரி அறவிடும். அமெரிக்கா அதற்கு இன்னும் வரி விதிக்காமையால், வெளிநாட்டு வரிக்கான வரவாகக் காட்ட ஒன்றுமில்லை. இருபது ஆண்டுகளின் பின் அப்பணம் ஓய்வூதியமாய்த் திரும்பும்போது, கனடா அதனை மீண்டும் வருமானமாகக் கொள்ளும்.

எதிர்த்திசையில் நிலைமை வேறு. கனடாவில் வாழும் அமெரிக்கக் குடிமக்கள், தம் கனேடிய ஓய்வுச் சேமிப்பில் வளரும் வருவாய்க்கான அமெரிக்க வரியைப் பிற்போட, ஆண்டுதோறும் 8891ஆம் படிவத்தை நிரப்பிவந்தனர். 2014 ஒக்டோபரில் அப்படிவம் கைவிடப்பட்டது. வின்சர்த் தாதிக்கு அத்தகைய சலுகை இல்லை. ஆர்சி-268ஐ அவள் ஒவ்வோர் ஆண்டும் நிரப்பவேண்டும். ஓய்வின் பின் அவள் பெறும் காலமுறை ஓய்வூதியத்தில் அமெரிக்கா அறவிடக்கூடியது, உடன்படிக்கையின்படி, 15 வீதத்துக்கு மேற்படாது. கனடா அதனை வரவு வைத்துத் தன் பங்கைக் கேட்கும்.