ஃபோல்டர் திறக்கிற நேரம்

ஜாப் கார்டில் 'சிஸ்டம் ஸ்லோ' என்று எழுதுவதை நான் நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. அறந்தாங்கியில் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வேலை பழக வரும் பையன்களுக்கும் முதல் நாளே அதைத்தான் சொல்கிறேன். எது ஸ்லோ, எத்தனை விநாடி ஸ்லோ என்று கேட்டு எழுது. 'டாகுமென்ட்ஸ் ஃபோல்டர் திறக்க 43 விநாடி' என்று எழுதிவிட்டால் கால்வாசி வேலை முடிந்த மாதிரி.

அந்த 43 விநாடி, ஒரு பத்திர எழுத்தர் ஆபீசில் செல்போன் ஸ்டாப்வாட்ச் வைத்து நான் பார்த்தது. ஃபோல்டரை டபுள் கிளிக் செய்தால் மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும், உள்ளே ஒன்றும் தெரியாது. பத்திரம் போட வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். வைரஸ்தான் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். எனக்கும் அப்போது அவசரம். டேட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு ஃபார்மட் அடித்து, விண்டோஸ் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். பறந்தது. நான்காம் நாள் போன் வந்தது. "தம்பி, பழைய குருடி கதவத் திறடின்னு ஆயிருச்சு."

வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிஸ்டத்தின் முன்னால் சும்மா உட்கார்ந்தேன். கையை மவுஸில் வைக்கவில்லை. வலது கீழ் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஐகான்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீல மேகம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் முக்கோணம் ஒன்றும் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டும் ஃபைல்களை நெட்டில் காப்பி வைக்கும் சிங்க் சாஃப்ட்வேர்கள். ஒன்று நின்றால் மற்றது ஆரம்பிக்கும். அது நின்றால் இது.

எங்கள் பக்கத்தில் இப்படி இரண்டு மூன்று சிங்க் சாஃப்ட்வேர் ஒரே சிஸ்டத்தில் ஏறியதற்கு ஒரு காரணம் உண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. ஓடு பறந்தது, தென்னை சாய்ந்தது, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தண்ணீர் இறங்கிய சிபியூக்களை மூட்டை மூட்டையாக என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் காயவைத்து, வந்தவரை எடுத்துக் கொடுத்தோம். வராதது நிறைய. பிள்ளையின் கல்யாணப் படம், மூன்று வருஷக் கணக்கு, பத்திர நகல் எல்லாம் போனவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆபீஸ் பையன் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான், வெளிநாட்டில் இருக்கும் மகன் இன்னொன்றைப் போட்டுக் கொடுத்தான். இரண்டுக்கும் காட்டியது அதே டெஸ்க்டாப், அதே டாகுமென்ட்ஸ். இந்தப் பயம் தெரியாமல் "இதெல்லாம் எதுக்கு சார், எடுத்துடவா?" என்று கேட்பவனை எந்தக் கஸ்டமரும் நம்பமாட்டார். நம்பவும் கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அந்த நீல மேகம் ஒன்டிரைவ். அதில் 2017 முதல் ஒரு வசதி இருக்கிறது. ஃபைலின் பெயர் மட்டும் நம் டிஸ்க்கில் இருக்கும், சரக்கு மேகத்தில் (கிளவுடில்) இருக்கும். திறந்தால் அப்போது இறங்கும். இடம் மிச்சம், நல்ல வசதிதான். ஆனால் அதே ஃபோல்டரை இன்னொரு சாஃப்ட்வேரும் காப்பி எடுக்க நினைத்தால், ஒவ்வொரு ஃபைலையும் அது படித்துத்தானே ஆக வேண்டும்? படிக்கத் தொட்டதும் ஒன்டிரைவ் அதை மேகத்திலிருந்து இறக்குகிறது. இறங்கியதை இரண்டாவது தன் மேகத்துக்கு ஏற்றுகிறது. டிஸ்க் நூறு சதவீதம், நெட் நூறு சதவீதம். ஆபீசில் யாரும் ஒரு ஃபைலைக்கூடத் திறந்திருக்கமாட்டார்கள். இதில் எந்த சாஃப்ட்வேரும் பழுதில்லை, இரண்டும் தம் வேலையைச் சரியாகத்தான் செய்கின்றன. நான் ஃபார்மட் அடித்தது வீணானதும் இதனால்தான். மறுபடி அக்கவுண்டில் நுழைந்தவுடன் இரண்டும் பழைய இடத்துக்கே வந்து நின்றுவிட்டன.

இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பயன்பட்ட பாடம் கம்ப்யூட்டர் வகுப்பில் கற்றதில்லை. தொண்ணூறுகளில் நான் வேலை பழகியது ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில். கடைக்காரரைப் பாய் என்றுதான் ஊரே கூப்பிடும். ஊமையாகிப்போன ரேடியோ வந்தால் அவர் மூடியைக் கழற்றி, இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். இரண்டு கையும் உள்ளே போனால் ஷாக் நெஞ்சு வழியாகப் பாயும் என்பதற்காக. பிறகு வலக்கையில் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அதன் நுனியால் வால்யூம் கன்ட்ரோலின் நடுப் பின்னைத் தொடுவார். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் கேட்டால், அங்கிருந்து ஸ்பீக்கர் வரை எல்லாம் சரி, பழுது அதற்கு முன்னால். கேட்கவில்லையென்றால் பின்னால். ஒரு தொடலில் பாதி ரேடியோவை ஒதுக்கிவிடுவார். "முழுசாத் தேடாத தம்பி, பாதியாக்கித் தேடு" என்பார்.

ஃபோல்டர் வேலையில் எனக்கு அந்த நடுப் பின் கமாண்ட் பிராம்ப்ட். கறுப்பு ஜன்னலைத் திறந்து, அதே ஃபோல்டருக்குப் போய், 'டிர்' (dir) அடித்துப் பாருங்கள். பட்டியல் சரசரவென்று ஓடினால் டிஸ்க்கும் ஃபோல்டரும் நன்றாகவே இருக்கின்றன, தாமதம் எக்ஸ்ப்ளோரரில் தொற்றிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றில். 'டிர்' கூடத் திக்கித் திக்கி வந்தால் டிஸ்க்கில் யாரோ உழுதுகொண்டிருக்கிறார்கள். அப்போது சிங்க் சாஃப்ட்வேர்களை ஒவ்வொன்றாக பாஸ் போடுங்கள், அதாவது தற்காலிகமாக நிறுத்துங்கள். ஒன்றைப் போட்டு, நேரம் பார்த்து, நோட்டில் எழுதி, பிறகு அடுத்தது. இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது. கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பிராசஸ் மானிட்டர் இருக்கிறது, காசில்லாத கருவி. ஃபோல்டர் பெயரை ஃபில்டரில் கொடுத்து ஓடவிட்டால், பத்திர எழுத்தரின் ஒரே கிரயப் பத்திர ஃபைல் மீது இரண்டு புரோகிராம் பெயர்களும் மாறி மாறி வரிவரியாக விழுவதைப் பார்க்கலாம். அவருக்கு அந்த ஸ்கிரீனைக் காட்டினேன். அதற்குப் பிறகு வைரஸ் பேச்சே இல்லை.

'டிர்' வேகமாக ஓடியும் எக்ஸ்ப்ளோரர் இழுக்கிற கேஸ்தான் சிரமம், அதில்தான் எனக்கு அதிக நாள் போனது. ஃபைல் படத்தின் ஓரத்தில் பச்சை டிக், நீல மேகம் என்று சின்னதாக ஒட்டியிருக்கிறதே, அந்த அடையாளத்துக்காக ஒவ்வொரு சாஃப்ட்வேரும் விண்டோஸில் பெயர் பதிந்துவைக்கிறது. அடையாளத்துக்கு இருக்கும் இடமே 15தான். அதிலும் சிலதை விண்டோஸ் தனக்கே வைத்துக்கொள்கிறது. ஒன்டிரைவ் மட்டும் 7 பெயர் பதியும். மிச்சத்துக்கு அடிதடி. அகரவரிசையில் முதலில் வருபவருக்குத்தான் இடம் என்பதால், சில சாஃப்ட்வேர்கள் பெயருக்கு முன்னால் வெற்றிடம் விட்டுப் பதிகின்றன. ரெஜிஸ்ட்ரியைத் திறந்து பார்த்தால் தெரியும். ஒருவர் ஒரு வெற்றிடம் விட்டால் அடுத்தவர் இரண்டு விட்டிருப்பார். ரேஷன் கடை வரிசையில் முந்துகிற மாதிரியேதான்.

ஃபோல்டரைத் திறந்ததும், இடம் பிடித்த ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு ஃபைலையும் காட்டி "இது உன்னுதா?" என்று எக்ஸ்ப்ளோரர் கேட்கிறது. ஃபோல்டரில் 3,000 ஃபைல் இருந்தால் எத்தனை கேள்வி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் ஒருவர் பதில் சொல்லாமல் முழித்தால் மொத்த வரிசையும் நிற்கும். எப்போதோ தூக்கிய சாஃப்ட்வேர், பெயரை மட்டும் விட்டுப் போயிருக்கும். பாஸ் போட்டாலும் இந்தத் தாமதம் போகாது என்பதை நினைவில் வையுங்கள். சிங்க் நின்றாலும் கேள்வி கேட்பது நிற்பதில்லை. ஷெல்எக்ஸ்வியூ என்று ஒரு சின்னக் கருவியில் வெளியார் பதிந்தவையெல்லாம் ரோஸ் நிறத்தில் தெரியும். அவற்றில் பாதியை அணையுங்கள், எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்யுங்கள், நேரம் பாருங்கள். சரியாகவில்லையென்றால் மறு பாதி. பாயின் ஸ்க்ரூடிரைவர்தான் இதுவும்.

ஒரு ஸ்டுடியோவில் நான் பட்டதையும் சொல்ல வேண்டும். ஆல்பம் டிசைன் செய்யும் சிஸ்டம், அங்கேயும் இரண்டு சிங்க். ஒரே ஃபைல் கம்ப்யூட்டர் பெயரை வால்போல ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று காப்பியாக நின்றது. இரண்டு காவலில் ஒன்றை விலக்க வேண்டும் என்று சரியாகத்தான் முடிவெடுத்தேன். டெஸ்க்டாப்புக்கு இருந்த ஒன்டிரைவ் பேக்கப்பை நிறுத்தினேன். மறு விநாடி டெஸ்க்டாப் காலி. முகூர்த்த சீசன், ஏழு கல்யாண ஆல்பம், ஒன்றும் இல்லை. ஸ்டுடியோக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. ஃபைல்கள் எங்கும் போகவில்லை, ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருந்த டெஸ்க்டாப்பிலேயே பத்திரமாக இருந்தன. அப்போதெல்லாம் நிறுத்தினால் அவை அங்கேயே தங்கிவிடும், நாம்தான் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்கு அது தெரியாதது என் தப்பு. கண்டுபிடிக்க எடுத்த இருபது நிமிஷத்தில் சட்டை நனைந்துவிட்டது. அன்றிலிருந்து எதையும் நிறுத்துவதற்கு முன் ஒரு வெளி டிஸ்க்கில் முழுக் காப்பி எடுத்து, அதைச் சிஸ்டத்திலிருந்து கழற்றி, கஸ்டமர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். அவர் கை அதைப் பிடித்திருக்கும்போதுதான் என் கை மவுஸுக்குப் போகும்.

இன்னொன்று, டேலி கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டாவை எந்த சிங்க் ஃபோல்டரிலும் வைக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபைல்களை யாரும் தொடக் கூடாது. சாயங்காலம் டேலியை மூடி, பேக்கப் எடுத்து, அந்த பேக்கப்பை மேகத்துக்கு அனுப்பினால் போதும்.

கடைசியாக, காத்திருப்பது. புதிதாக அமைத்த சிங்க், ஐம்பது அறுபதாயிரம் ஃபைலை முதல் தடவை சரிபார்க்க ஒரு ராத்திரி எடுக்கலாம், நம் ஊர் நெட்டில் இரண்டு ராத்திரியும் எடுக்கலாம். அந்த நேரத்தில் ஸ்லோவாகத்தான் இருக்கும். பொறுக்காமல் அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். இப்படி ஒரு வாரம் எண்ணவைத்தே கெடுத்த சிஸ்டங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. யூபிஎஸ் பேட்டரியைப் பார்த்துவிட்டு, ஸ்லீப் போகாமல் செய்துவிட்டு, வீட்டுக்குப் போங்கள்.

பத்திர எழுத்தர் ஆபீசிலும் அப்படித்தான் விட்டுவிட்டு வந்தேன். டாகுமென்ட்ஸுக்கு ஒரே சிங்க். மகன் போட்டுக் கொடுத்ததை எடுக்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு ஃபோல்டர் வைத்து, முடிந்துபோன பத்திரங்களின் ஸ்கேன் மட்டும் அதில் போகும்படி செய்தேன். இந்த மாற்றத்தைப் பற்றிய பேச்சை அவரே மகனோடு போனில் முடித்துக்கொண்டார். இரண்டாம் நாள் காலையில் போய் ஸ்டாப்வாட்சை அழுத்தி ஃபோல்டரைத் திறந்தேன். ஒரு விநாடிகூட ஆகவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "மூடிட்டு இன்னொரு தடவை திறங்க தம்பி" என்றார். திறந்தேன்.