வாடகை உடையில் ஃபூஜி மலை

ஜப்பானுக்குப் போகிற நம்மவர்கள் ஃபூஜி மலையைத் தூரத்தில் நின்று பார்த்து, படம் பிடித்துக்கொண்டு திரும்புவதுதான் வழக்கம். ஏறிப் பார்க்க ஆசை வந்தாலும், “அந்தக் குளிருக்கு உடுப்புக்கு எங்கே போவது?” என்ற கேள்வியிலேயே ஆசை அடங்கிவிடும். நியாயமான கேள்விதான். வெயிலிலும் வெதுவெதுப்பான மழையிலும் வளர்ந்த நமக்குப் பனிச்சட்டை எதற்கு? இரண்டு நாள் பயணத்துக்காக ஆயிரம் வெள்ளிக்குமேல் செலவழித்து வாங்கி, பிறகு அலமாரியில் பூசணம் பூக்க விடுவது குடும்பஸ்தர்களுக்குக் கட்டுப்படியாகுமா?

இதற்குத் தோக்கியோ நகரத்திலேயே வழி இருக்கிறது, வாசகர்களே. அங்கே ஷின்ஜுக்கு என்றொரு வட்டாரம். உலகிலேயே அதிகமான பயணிகள் வந்துபோகும் ரயில் நிலையம் அங்குதான் உள்ளது. அதன் அக்கம்பக்கத்தில் மலையேறும் உடுப்புகளை வாடகைக்கு விடும் கடைகள் உண்டு. மலைக்குப் போகும் பஸ்ஸும் அங்கிருந்தே புறப்படுகிறது. இரண்டரை மணி நேரத்தில் ‘ஐந்தாம் நிலையத்தில்’ இறக்கிவிடுவார்கள். அடிவாரம் முதல் உச்சிவரை பாதையைப் பத்து நிலையங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பாதி மலையைப் பஸ்ஸே ஏறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் சுமார் 2,300 மீட்டர் உயரம். உச்சி 3,776 மீட்டர்.

என்னோடு வந்தவர் என் அண்ணன். தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கில் கெட்டி. வாடகை என்றதுமே அவருக்கு முகம் சுருங்கியது.

“ஊரான் போட்ட சட்டையை நாம் போடுவதா, தம்பி? காசும் கொடுத்து?”

“உள்ளே நம் சட்டைதான் அண்ணே. மேலே போடுவது மட்டும்தான் அவர்களுடையது. ஒவ்வொரு தடவையும் துவைத்துத்தான் கொடுக்கிறார்கள்.”

“சட்டை போகட்டும். சப்பாத்து நான் கொண்டுவந்திருக்கிறேன்.”

லேடாங் மலை ஏறுவதற்காகப் பல வருடங்களுக்கு முன் வாங்கிய சப்பாத்து அது. இரண்டே தடவை போட்டது. பார்வைக்குப் புத்தம் புதிது. கடைக்காரப் பையன் அதை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி, அடிப்பாகத்தை மெல்ல வளைத்தான். பக்கவாட்டில் வெடிப்பு விட்டது. விரலால் தொட்டதும் பொடி உதிர்ந்தது. அண்ணன் வாயடைத்துப் போனார்.

இது நம் நாட்டார் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். மலைச் சப்பாத்துகள் பலவற்றில் அடித்தோலுக்கு மேலே மெத்தென்று இருப்பது பாலியூரித்தேன் என்னும் பொருள். காற்றிலுள்ள ஈரமே அதை நாளடைவில் அரித்துவிடும். போட்டாலும் போடாவிட்டாலும் சில வருடங்களில் உளுத்துப்போகும். நம்மைப்போல் புழுக்கமும் ஈரமும் உள்ள ஊரில், பெட்டிக்குள் பத்திரமாக வைத்ததே சீக்கிரம் கெடும். மலைநடுவே அடி கழன்று விழுந்தால் எரிமலைக் கல்லில் என்ன செய்வது?

அங்கே சப்பாத்து அளவு சென்டிமீட்டர் கணக்கு. நம் எட்டாம் நம்பர் என்றால் விழிப்பார்கள். தடித்த காலுறையை மாட்டிக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். ஏறும்போது சரியாக இருப்பது இறங்கும்போது விரல் நுனியை நசுக்கும். ஆகவே கடையிலேயே சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பார்ப்பது நல்லது. காலுறையும் கையுறையும் வாடகைக்கு வேண்டாம், சொந்தமாகவே வாங்கிக்கொள்ளலாம். விலை அதிகமில்லை.

மற்றபடி மேலும் கீழும் தனித்தனியான மழையுடுப்பு, உள்ளே போடக் கதகதப்பான சட்டை, நெற்றியில் கட்டும் விளக்கு, கைத்தடி, முதுகுப்பை, சப்பாத்துக்குள் மணல் புகாமல் கணுக்காலில் மாட்டும் உறை. இவ்வளவும் சேர்த்துத் தலைக்குப் பத்தாயிரம் யென்னுக்குச் சற்று மேலானது. நம் பணத்தில் ஏறக்குறைய 300 வெள்ளி. விளக்கை ஏற்றிப் பார்த்து, ஜிப்பை இழுத்துப் பார்த்து வாங்கினார் அண்ணன். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் அளவு கிடைப்பது கஷ்டம்.

இதெல்லாம் ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 டிகிரி குளிர் கூடும். தோக்கியோவில் வியர்த்துக் கொட்டும் ஆகஸ்டிலும் உச்சியில் சராசரி வெப்பம் ஆறு டிகிரிதான். அதோடு காற்று. பருத்தித் துணி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸ் அதைவிட மோசம். குடை பறந்துவிடும். மழையோ சில சமயம் கீழிருந்து மேலே அடிக்கிறது! அதனால்தான் 2025 முதல் யமனாஷி பக்கத்துப் பாதையில், மழையுடுப்பும் குளிருடையும் மலைச் சப்பாத்தும் இல்லாமல் வருகிறவர்களை வாசலிலேயே தடுக்க வகை செய்திருக்கிறார்கள். அந்த ஆண்டில் நுழைவுக் கட்டணம் 4,000 யென். மலைக் குடிலில் இடம் பிடிக்காதவர்களுக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கே வாசல் அடைப்பு. இரவோடு இரவாக ஓடி ஏறி, குளிரில் விழுந்தவர்கள் அவ்வளவு பேர்.

எட்டாம் நிலையத்துக் குடிலில் தோளோடு தோள் இடிக்கப் படுத்திருந்தோம். நள்ளிரவில் அண்ணனுக்குத் தலைவலி. உயரத்தின் வேலை அது. மேலே போகப் போகக் கூடும். உடுப்பு அதற்கு மருந்தாகாது.

“நீ போய் வா. இவ்வளவு தூரம் வந்துவிட்டு…”

“உச்சி எங்கேயும் போகாது அண்ணே.”

விடியும் முன் வெளியே வந்தோம். அந்தப் பாதையில் குடில்கள் கிழக்கு முகமாக இருப்பதால் அங்கிருந்தே சூரியோதயம் தெரியும். காற்று ஊளையிட்டது. பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் போர்வையில் ஓர் இளைஞன் பல் கிட்டி நின்றான். அண்ணன் தன் பையிலிருந்த இன்னொரு சட்டையை அவனிடம் நீட்டினார். மேகக் கடலுக்கு அப்பால் சிவப்பாக ஒரு கோடு தெரிந்ததும் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

இறங்க நான்கு மணி நேரம், முழுக்கப் பொடிக்கல். கணுக்கால் உறைக்கு அப்போதுதான் வேலை. கழிப்பறைக்கு 200, 300 யென் என்று சில்லறை வேண்டும். குப்பையை நாமே கீழே கொண்டுவர வேண்டும்.

கடையில் துவைத்துத் தரக் கேட்கவில்லை. ஆனாலும் அண்ணன் எல்லாவற்றையும் மடித்து, துண்டுச் சீட்டோடு ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைத்தார். கடைசியில் சப்பாத்தைக் கையில் எடுத்து, அடியை ஒருமுறை வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.