தொண்ணூற்றாறில் ஓர் அரிச்சுவடி

கேரள மாநிலம் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா இளமையில் பள்ளி சென்றதில்லை. கோவில்களில் துப்புரவுப் பணியும் பிறர் இல்லங்களில் வீட்டு வேலையும் செய்து பிள்ளைகளை வளர்த்தார். மகள் அறுபது வயதையொட்டிப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வில் தேறியபோது தாய்க்கும் கற்கும் வேட்கை பிறந்தது.

2018ஆம் ஆண்டு, மாநில எழுத்தறிவு இயக்கம் நடத்திய ‘அட்சரலட்சம்’ தேர்வை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். அவர்களுள் 96 வயதான இம்மூதாட்டியே 100க்கு 98 மதிப்பெண் பெற்று முதலிடம் பிடித்தார். வாசிப்பிலும் கணக்கிலும் முழு மதிப்பெண். எழுதுவதில் மட்டும் இரண்டு குறைந்தது. படித்த அளவுக்குக் கேள்விகள் கடினமாக இல்லையே என்பது அவரது மனக்குறை!

இந்த வயதில் படித்து என்ன செய்யப்போகிறார் என்று கேட்போர் உண்டு. கல்வியை வேலைக்கான நுழைவுச்சீட்டாக மட்டுமே காண்போரின் கேள்வி அது. சிறுமியாக இருந்தபோது கிட்டாத ஒன்றை அவர் தேடிச்சென்று பெற்றார்.

கொல்லத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மாவின் கதையும் அத்தகையதே. தாயை இழந்து, உடன்பிறந்தோரைப் பேணுவதற்காக ஒன்பது வயதில் பள்ளியைத் துறந்தவர் அவர். 105ஆம் வயதில் நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதினார். விரைந்து எழுதக் கை ஒத்துழைக்கவில்லை. மூன்று நாள் ஆயிற்று. 275க்கு 205 மதிப்பெண் பெற்றார்.

கார்த்தியாயினி அம்மாவுக்கு 2020இல் குடியரசுத் தலைவர் ‘நாரி சக்தி’ விருது வழங்கினார். நூறு வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வேண்டும், கணினியும் கற்க வேண்டும் என்று அவர் விரும்பியிருந்தார். 2023இல், 101ஆம் வயதில், மறைந்தார்.