படத்தில் உள்ளவாறே ஆடவேண்டுமா?

தைப்பிங்கில் எங்கள் பள்ளிக் கலைவிழாவிற்காக நான்காம் ஆண்டு மாணவியர் ஒரு திரைப்பாடலுக்கு ஆடப் பயின்றனர். படத்தில் உள்ளவாறே ஆடவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். ஒரு சிறுமி மூச்சிரைத்து இடையிலேயே நின்றுவிட்டாள். எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன்.

அன்றிரவு அப்பாடலை மீண்டும் பார்த்தேன். சில நொடிகளுக்கு ஒருமுறை காட்சி மாறுகிறது, உடையும் மாறுகிறது. துண்டு துண்டாகப் படமெடுத்து இணைத்த ஆட்டத்தை ஒரு குழந்தை ஒரே மூச்சில் ஆடவேண்டும் என்றல்லவா கேட்டிருக்கிறேன்!

ஒவ்வோர் ஆட்டமும் பார்ப்பவரைக் கருதியே அமைகிறது. சிறுவயதில் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நான் கண்ட கரகாட்டத்தைச் சுற்றிலும் மக்கள் நின்றனர். ஆடியவரும் எல்லாப் பக்கமும் திரும்பி ஆடினார். பரதநாட்டிய மேடையிலோ அவையினர் எதிரே அமர்ந்திருப்பர். ஆகவே அரைமண்டியும் முத்திரையும் விழியசைவும் அவர்களை நோக்கியே அமையும். திரையாட்டம் கேமராவுக்காக ஆடப்படுவது.

இவற்றுள் உயர்வு தாழ்வு காண்பது முறையன்று. வழுவூர் இராமையா பிள்ளையிடம் பரதம் பயின்ற குமாரி கமலா, 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதியார் பாடல்களுக்கு ஆடினார். மேடைக் கலை திரைக்குச் சென்றது போல், திரையாட்டத்தையும் பள்ளி மேடைக்கேற்ப நாம் மாற்றிக்கொள்ளலாமே?

மறுநாள் அச்சிறுமியிடம் எல்லோர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தேன். ஆட்டத்தின் இடையிடையே கும்மி அடிகளைச் சேர்த்தோம். பிள்ளைகளுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. விழாவன்று அவள் இறுதிவரை ஆடினாள்.

பெற்றோர்களே, "படத்தில் உள்ளதுபோல் இல்லையே" என்று குறைகூறுமுன் சற்று எண்ணிப் பாருங்கள்.