தேக்காவில் ஒரு முழம் தமிழ்

சிங்கப்பூரில் தமிழ் எங்கும் கண்ணில் படும். பணத்தாளில், ரயில் நிலையப் பலகையில், கட்டுமானத் தளத்து எச்சரிக்கையில். காதில் விழுவதுதான் குறைந்துவருகிறது. வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. வானொலியில் தமிழ் பேசிப் பிழைக்கும் என் வீட்டிலேயே, “சாப்டியா?” என்றால் “யெஸ் அம்மா” என்று பதில் வருகிறது. மகளுக்கு ஏழு வயது.

பள்ளியில் தாய்மொழிப் பாடம் உண்டு. புத்தகத்தில் ‘செல்கிறேன்’, பாட்டி வாயில் ‘போறேன்’. பிள்ளைகளுக்கு இரண்டும் வேறு மொழிகள் போலிருக்கும். இதை உணர்ந்துதான் 2005இல் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் கேட்டது. நல்ல முடிவு. ஆனால் மணி அடித்ததும் பேச ஆள் வேண்டுமே!

அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் செங்காங்கிலிருந்து ஊதா ரயில் பாதையில் லிட்டில் இந்தியா போகிறோம். வெளியே வந்தால் பஃப்பலோ சாலை: முருங்கைக்காய், வாழை இலை, பூச்சரம். பூக்கடை அக்கா என்னைப் பார்ப்பதில்லை. “என்ன வேணும் பாப்பா?” என்று மகளிடம் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். ஆங்கிலத்துக்குத் தாவமாட்டார். இரண்டு வாரம் விரலை நீட்டியவள், மூன்றாம் வாரம் “ஒரு முழம் மல்லி” என்றாள். முழத்தைக் கையால் அளப்பது அவளுக்குப் பெரிய வேடிக்கை. யார் கை நீளமோ அவரிடம் வாங்கலாம் என்கிறாள், வியாபாரம் தெரிந்தவள்!

பொழுது சாயச்சாய சிராங்கூன் சாலை நிரம்பிவிடும். வார விடுமுறையில் வரும் ஊழியர்கள். புதுக்கோட்டைத் தமிழ், தஞ்சாவூர்த் தமிழ், சிவகங்கைத் தமிழ். என் மகளுக்கு இதைவிடப் பெரிய வகுப்பறையை நான் தேடித் தர முடியாது. ஆனால் வேலை அனுமதிச் சீட்டில் வருபவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது. எங்கள் பிள்ளைகளின் காதில் தமிழை விழவைக்கும் இந்த அப்பாக்களை, அவர்கள் பிள்ளைகள் தொலைபேசியில்தான் கேட்கிறார்கள்.

சென்ற வாரம் புல்வெளியில் ஒருவர் காணொளி அழைப்பில் மகனை வாய்ப்பாடு சொல்லவைத்துக்கொண்டிருந்தார். பதின்மூன்றாம் வாய்ப்பாடு. பையன் தடுமாற, இவர் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொடுத்தார். மகள் நின்று கேட்டாள்.

“அங்கிள் எப்போ வீட்டுக்குப் போவாரு?”

ஒப்பந்தம் முடிந்ததும் என்றேன். ஒப்பந்தம் என்றால் என்ன என்று ரயில் நிலையம்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.