யார் எழுதிய வீட்டுப்பாடம்?

பிள்ளை கற்க வேண்டிய பாடத்தைத் தந்தை எழுதும் விந்தை இந்நாளில் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் நடைபெறுகின்றது. பிறர் வீட்டுக் குறையை எடுத்துரைப்பது நம் நோக்கமன்று. நம் வீட்டில் நிகழ்ந்ததையே சங்கத்து அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

ஜோலார்ப்பேட்டையில் பிறந்து, பத்தாம் வகுப்புவரை தமிழிலேயே பயின்று, இரயில்வேயில் எழுத்தர் வேலை கிடைத்துப் பெங்களூர் வந்தவர் நாம். நீலசந்திராவில் ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட வீட்டில் வாழ்கின்றோம். மகள் ஆங்கிலவழிப் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்புப் பயில்கின்றாள். அவளுக்கு இரண்டாம் மொழி கன்னடம். நமக்கோ ஆங்கிலம் அலுவலகக் கோப்பின் அளவு. கன்னடம் கடைத்தெருவின் அளவு.

சென்ற ஆண்டு நாள்தோறும் இரண்டு மணி நேரத்திற்குக் குறையாத வீட்டுப்பாடம் வந்தது. ஓரிரவு பத்து மணி. குழந்தை நோட்டுப் புத்தகத்தின்மீதே சாய்ந்து உறங்கிவிட்டாள். "பாவம், தூங்கட்டும். மீதியை நீங்களே எழுதிவிடலாகாதா?" என்றார் மனைவியார். நாமும் எழுதினோம். எழுத்துக் குழந்தையினுடையது போலக் கோணலாக இருக்க வேண்டுமென்று இடக்கையால் எழுதினோம்! மறுநாள் சிவப்பு மையில் 'நன்று' என்று வந்தது. அன்று தொடங்கிய வழக்கம் மூன்று திங்கள் நீடித்தது.

பருவத் தேர்வு வந்தது. வீட்டுப்பாடத்தில் இருந்த அதே வகைக் கணக்குகள் ஐந்து. விடைத்தாளில் அவ்விடம் வெறுமையாக இருந்தது. "ஏனம்மா, இவை நீ வீட்டில் போட்ட கணக்குகள் அல்லவா?" என்று கேட்டோம். "அவை நீங்கள் போட்டவைதானே, அப்பா!" என்றாள். நமக்கு நாவெழவில்லை.

அடுத்த வீட்டுச் சிறுவனும் அதே வகுப்பு. தந்தை கட்டட வேலைக்கும் தாய் வீட்டு வேலைக்கும் செல்பவர்கள். இடக்கையால் எழுதித்தர அங்கு எவருமில்லை. ஆகவே வீட்டுப்பாடம் முடியாத நாட்களில் அவன் வகுப்பிற்கு வெளியே நிற்பான் என்று நம் மகளே கூறினாள். அறிவில் அவனைவிட மிகாத நம் பெண் உள்ளே அமர்ந்திருக்க, அவன் வெளியே நின்றான். அளக்கப்பட்டது பிள்ளையின் கல்வியா, பெற்றோரின் கல்வியா? புலம்பெயர்ந்து வந்து, பள்ளிமொழி அறியாத வீடுகளில் வாழும் நம்மவர்க்கு இக்கேள்வி இரு மடங்கு சுடுகின்றது.

இவ்வினா புதியதன்று. மைசூரில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர். கே. நாராயண் 1989-இல் மாநிலங்களவையில் குழந்தைகளின் பள்ளிச் சுமை குறித்து மனம் வருந்திப் பேசினார். பின்னர் அமைந்த யஷ்பால் குழு 1993-இல் 'சுமையின்றிக் கற்றல்' என்னும் அறிக்கையை அளித்தது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகளில் முதலிரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதென்று ஆணையிட்டது. மைய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பை கொள்கையோ, 3 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு வாரத்திற்கு இரண்டு மணி நேரமே மேலெல்லை என்கின்றது. நம் மகள் ஒரே மாலையில் அவ்வளவையும் சுமந்தாள்!

இரயில்வேச் சரக்குப் பெட்டி ஒவ்வொன்றின்மீதும் அது தாங்கும் எடை எழுதப்பட்டிருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் தண்டக் கட்டணம் உண்டு. குழந்தைக்கும் ஓர் அளவு உண்டென்பதை நாம் வீட்டில் மறந்துவிட்டோம்.

அங்ஙனமாயின் வீட்டுப்பாடமே வேண்டாவோ? அவ்வாறு கூறுதல் பொருந்தாது. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. ஏழாம் வகுப்பு முதல் மேல்வகுப்புகளில் பயிலும் மாணவர்களிடத்தே வீட்டுப்பாடத்திற்கும் தேர்ச்சிக்கும் நல்ல தொடர்பு காணப்படுகின்றது. சிறு வகுப்புகளிலோ அத்தொடர்பு மிக மெலிந்தது. பெரிய பிள்ளைகள் தாமே அமர்ந்து பயிலட்டும். சிறிய பிள்ளைக்குத் தானே முடிக்கத்தக்க சிறிது போதும்.

நாம் வகுப்பாசிரியையைச் சந்தித்து, நோட்டைக் காட்டி, உண்மையை ஒப்புக்கொண்டோம். அவர் சினங்கொள்ளவில்லை. "அவளால் இயன்றதை அவளே எழுதட்டும், தவறிருந்தால்தானே எனக்குச் சொல்லித்தர இயலும்?" என்றார். அடுத்த வீட்டுச் சிறுவனைப் பற்றியும் கூறினோம். அவனுக்கும் அவ்வாறே இசைந்தார்.

இப்பொழுது மாலையில் அரைமணி நேரம் இரு பிள்ளைகளும் நம் வீட்டு வாயிற்படியில் அமர்கின்றனர். நாம் எழுதுகோலைத் தொடுவதில்லை. "இன்று என்ன படித்தீர்கள்? எனக்குச் சொல்லுங்கள்" என்று தமிழில் கேட்கின்றோம். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்ல முயலும்போது, புரிந்தது எது, புரியாதது எது என்பது அவர்களுக்கே விளங்கிவிடுகின்றது. அடுத்த தேர்வில் ஐந்து கணக்குகளையும் மகள் போட்டாள், இரண்டு தவறு. ஆயினும் சரியான மூன்றும் அவளுடையவை.

தமிழ்நாட்டரசு 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலைதோறும் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். நம் சங்கமும் வாரம் இருநாள் மாலையில் மன்றத்தைத் திறந்து, கல்லூரியில் பயிலும் நம் இளைஞர்களை அங்கு அமர்த்தலாகாதா? ஒரு விளக்கும் ஒரு பாயும் போதுமே!

பெற்றோர்களே, பிள்ளையின் நோட்டில் உங்கள் கையெழுத்து ஒப்பமிடும் இடத்தில் மட்டும் இருக்கட்டும்.