முகப்பூச்சும் முதுகுகளும்

எங்கள் தமிழ்த்துறையில் நாற்பதைக் கடந்தவர்கள் நால்வர். இளிவரல் பிறக்கும் நான்கனுள் மூப்பை முதலில் வைத்த தொல்காப்பியரை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். அம்மூப்பை எங்கள் முகத்திலேயே கண்டபோதோ கடைக்குத்தான் ஓடினோம். நால்வரும் சேர்ந்து வாங்கியது ரெட்டினால் முகப்பூச்சு.

இரண்டு வாரத்தில் மூக்கோரம் தோல் உரிந்தது. அஞ்சிப்போய்த் தேடிப் படிக்கத் தொடங்கினோம். ரெட்டினால் என்பது வைட்டமின் ஏயின் ஒரு வடிவம். தோலுக்குள் அது ரெட்டினால்டிஹைடாகி, பின்னர் ரெட்டினாயிக் அமிலமாகிறது. அந்த அமிலமே செல்லின் உட்கருவரை சென்று தோலைப் புதுப்பிக்கிறது. தொடக்கத்தில் உரிவதும் எரிவதும் இயல்பாம். அமிலத்தை நேரடியாகவே தருவது ட்ரெடினாயின். அது மருத்துவர் எழுதித்தர வேண்டிய மருந்து. கருவுற்றவர்கள் இரண்டையுமே தவிர்க்க வேண்டும்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ட்ரெடினாயினைப் புகழ்பெறச் செய்த ஆல்பர்ட் கிளிக்மன், பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல்மருத்துவர். 1951 முதல் 1974 வரை ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் அவர் சோதனைகள் நடத்தினார். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பிணைப்பணம் கட்ட வழியின்றி, விசாரணைகூட முடியாமல் கிடந்தவர்கள் பலர். முதுகில் சதுரம் சதுரமாக ஒட்டுகள்; அதற்குச் சில டாலர் கூலி. கையெழுத்து வாங்கினார்கள், எதைப் பூசுகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. சிலருக்கு வடுக்கள் இறுதிவரை மறையவில்லை. டயாக்சின் என்ற நச்சுப்பொருளும் அங்கே சோதிக்கப்பட்டது. முகப்பரு மருந்தாக ட்ரெடினாயின் 1971இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வெயிலால் மூப்படைந்த தோலையும் அது சீராக்குகிறது என்ற மிச்சிகன் ஆய்வு 1988இல் வெளியானது. சுருக்கங்களுக்குச் சந்தை திறந்தது அதன் பிறகுதான்.

முன்னாள் கைதிகள் ஏறத்தாழ முந்நூறு பேர் 2000இல் வழக்குத் தொடுத்தனர். காலவரம்பு கடந்துவிட்டதென்று வழக்கு தள்ளுபடியானது. கிளிக்மன் 2010இல் மறைந்தார். அவருடைய மருத்துவப்பள்ளி 2021இலும், ஃபிலடெல்ஃபியா நகரம் 2022இலும் மன்னிப்புக் கேட்டன. அதற்குள் அக்கைதிகளில் எத்தனையோ பேர் இறந்துவிட்டிருந்தனர்.

இவற்றையெல்லாம் ஒரு பிற்பகலில் ஓய்வறையில் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினோம். தேநீர் ஆறிப்போனது. எங்களில் ஒருவர் அன்றே பூச்சை நிறுத்திவிட்டார். நிறுத்துவதால் யாருக்கு என்ன பயன் என்று மற்ற மூவரும் வாதிட்டோம். வாதத்தில் வென்றோம் என்றுகூடச் சொல்லலாம். இரவு விளக்கணைக்குமுன் இப்போதும் பட்டாணியளவு எடுத்துப் பூசிக்கொள்கிறோம். தோல் நன்றாகவே இருக்கிறது. நிறுத்தியவரிடம் மட்டும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.